மாயாவிக்காகக் காத்திருந்த மாமா

இன்னைக்கு ராணி காமிக்ஸ். தினத்தந்தி குழுமத்துல இருந்து 1984 ஜூலையில் ஆரம்பிச்சது. முதல் இதழ் ஜேம்ஸ் பாண்ட் கதை. ஆனா எங்க பழவேற்காட்டு வீட்ல பாண்டுக்கு அவ்வளவு மவுசு கிடையாது, மாயாவிதான் எல்லாம். 1936ல் லீ ஃபாக் உருவாக்கிய ஃபேண்டம்தான் ராணியில் மாயாவி.

கதை தெரியும்ல? கடற்கொள்ளையர் கையில் அப்பா சாகிறார். கரை ஒதுங்கிய மகன் மண்டையோட்டின் மேல் சத்தியம் செய்கிறான். அவனுக்குப் பின் அவன் மகன், அப்புறம் அவன் மகன். இப்போ இருக்கிறவர் 21வது. முகமூடி மாறாததால ஊருக்கு அவர் சாகாதவர்.

சிட்டியில வளர்ந்த உங்களுக்கு இது கற்பனை. எங்க ஏரியில் 'பாடு' முறை இருக்கு. வலை போடும் இடத்தைச் சீட்டுக் குலுக்கி, முறைவைத்துப் பிரிப்பார்கள். அந்த உரிமை அப்பாகிட்ட இருந்து மகனுக்குத்தான் வரும். (மகளுக்கு ஏன் இல்லைன்னு அக்கா கேட்டதுக்கு இன்னும் யாரும் பதில் சொல்லலை.) அதனால மாயாவி எங்களுக்குப் பக்கத்து வீட்டு ஆள்.

மாமா பொன்னேரிக்கு மீன் கொண்டு போனா புத்தகத்தோட வருவார். 2004 சுனாமியில் அவரோட டிரங்குப் பெட்டி நனைஞ்சு, பாதி ஒட்டிப்போச்சு. "விடுடா, புதுசு வரும்"னார். அடுத்த வருஷமே, 500 இதழோட ராணி காமிக்ஸ் நின்னுபோச்சு. எனக்கு எட்டு வயசு. விஷயம் தெரியாம மாமா மாசக்கணக்கா கடையில் கேட்டுட்டே இருந்தார்.

அந்தக் கட்டு இப்ப என்கிட்ட இருக்கு. ஆவி காட்டி, பக்கம் பக்கமா பிரிச்சு ஸ்கேன் பண்றேன். ஒரு இதழில் கடைசி நாலு பக்கம் மட்டும் இன்னும் பிரிய மாட்டேங்குது.