ஊசி இல்லாத தடுப்பூசி

2000ஆம் ஆண்டு அக்டோபரில் சுவிட்சர்லாந்தில் ஊசியே இல்லாத ஃப்ளூ தடுப்பூசி ஒன்று வந்தது. பெயர் நேசல்ஃப்ளூ, தயாரித்தது பெர்னா பயோடெக். மூக்கில் பீச்சிக்கொண்டால் போதும். (இதையும் தமிழில் தடுப்பூசி என்றுதான் சொல்லவேண்டியிருக்கிறது!)

அந்தக் குளிர்காலத்திலேயே மருத்துவர்களிடமிருந்து தகவல்கள் வர ஆரம்பித்தன. மருந்து எடுத்துக்கொண்ட சிலருக்கு முகத்தின் ஒரு பக்கம் தொங்கிவிட்டது. இந்த நோயில் ஒரு கண் மூடாது. தண்ணீர் குடித்தால் கடைவாயில் ஒழுகும். சிலருக்கு நாக்கில் ருசியும் தெரியாது. நம்ம ஊரில் 'வாய் கோணிக்கிச்சு' என்பார்கள். மருத்துவத்தில் இதன் பெயர் பெல்ஸ் பால்ஸி. 19ஆம் நூற்றாண்டில் முகநரம்பை ஆராய்ந்த ஸ்காட்லாந்து மருத்துவர் சார்லஸ் பெல்லின் பெயர் அது. பல நூற்றாண்டு முன்பே பாரசீக மருத்துவர் அல்-ராஸி இதை எழுதிவைத்துவிட்டார், பெயர் என்னவோ பெல்லுக்குப் போய்விட்டது.

சிக்கல் என்னவென்றால், எந்தத் தடுப்பூசியும் போடாமலே ஆண்டுக்கு லட்சத்தில் இருபது முப்பது பேருக்கு இப்படி ஆகும். பெரும்பாலோருக்குச் சில வாரங்களில், மாதங்களில் தானாகச் சரியாகியும் விடும். நவம்பரில் மூக்கில் பீச்சிய மருந்தையும் ஜனவரியில் கோணிய வாயையும் சேர்த்துப் பேசினால், மொட்டைத்தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடாதே என்றுதான் யாரும் சொல்லியிருப்பார்கள். சந்தேகம் வந்ததும் நிறுவனம் விற்பனையை நிறுத்திவிட்டது. ஆனால் அதோடு கேள்வி தீரவில்லை.

சூரிக் ஆய்வாளர்கள் உட்கார்ந்து எண்ணினார்கள். எனக்கு இந்தக் கதையில் பிடித்த இடம் இதுதான். ஜெர்மன் பேசும் பகுதிகளில் முகவாதம் வந்த 250 பேர், வராத 722 பேர். யார் யார் எந்த மருந்து எடுத்தார்கள்? நோயாளிகளில் கால் பங்குக்கும் மேற்பட்டோர் மூக்கு மருந்து எடுத்திருந்தார்கள், மற்றவர்களில் 1.1 சதவீதம்தான். கணக்குப் பார்த்தால், பத்தாயிரம் பேருக்குக் கூடுதலாக 13 பேர். ஆபத்து உச்சத்தில் இருந்தது மருந்து எடுத்த இரண்டாவது மாதத்தில். முடிச்சு நிஜம்தான்.

ஆயிரம் பேரை வைத்துச் சோதனை நடத்தியிருந்தால் ஒருவரோ இருவரோ கண்ணில் பட்டிருப்பார்கள். 'தற்செயல்' என்று தாண்டிப் போயிருப்போம்.

அதே கணக்கு இன்னொன்றும் சொன்னது: கையில் போடும் வழக்கமான ஃப்ளூ ஊசிக்கும் முகவாதத்துக்கும் தொடர்பில்லை. இதை யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை. இரண்டும் ஃப்ளூவுக்குத்தான் என்றாலும், மூக்கு மருந்தில் உடலின் எதிர்ப்பைத் தூண்டிவிட இ.கோலை பாக்டீரியாவின் நச்சு ஒன்றைச் சேர்த்திருந்தார்கள். வயிற்றுப்போக்கு உண்டாக்குகிற அதே நச்சு. சந்தேகம் அதன் மேல் விழுந்தது. பிறகு வீரியம் நீக்கிய நச்சை வைத்து, எய்ட்ஸுக்கும் காசநோய்க்கும் தனித்தனியாக மூக்கு மருந்து சோதித்தபோது இரண்டு பேருக்கு முகம் கோணியது. இருவருக்கும் சரியாகிவிட்டது. மூக்கு வழி மருந்தில் இந்த வகை நச்சு இனி வேண்டாம் என்று 2009இல் அந்த ஆய்வாளர்களே எழுதினார்கள்.

2020 டிசம்பரில் ஃபைசரின் கோவிட் சோதனை முடிவுகள் வந்தன. தடுப்பூசி போட்ட சுமார் 22,000 பேரில் நான்கு பேருக்கு முகவாதம், போடாத பக்கம் யாருக்கும் இல்லை. இயல்பாக வரும் அளவை இது தாண்டவில்லை என்றது அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. கூடவே, பெரிய அளவில் போடும்போது இதைத் தொடர்ந்து கவனிக்கச் சொன்னது.