மலேரியா போன பின்னும் இரத்தத்தில் இருப்பது

குளிர் காய்ச்சல் நமது கிராமங்களுக்குப் புதிதல்ல. நாடு விடுதலை அடைந்த 1947ல் இந்தியாவில் ஆண்டுக்கு சுமார் 7.5 கோடி பேருக்கு மலேரியா வந்தது. சுமார் 8 லட்சம் பேர் இறந்தனர் என்கிறது அன்றைய மதிப்பீடு.

மலேரியா உண்மையில் ஓர் இரத்த நோய். 1880ல் அல்ஜீரியாவில் லாவெரான் என்ற பிரெஞ்சு மருத்துவர் நோயாளியின் இரத்தத்தில் இந்தக் கிருமியைக் கண்டார். அதைக் கொசு சுமப்பதை 1897ல் செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் கண்டுபிடித்தார். கிருமி சிவப்பணுவுக்குள் புகுந்து, ஹீமோகுளோபினைத் தின்று வளர்ந்து, அணுவை வெடித்து வெளியேறும். மீண்டும் மீண்டும் காய்ச்சல் வந்தால் இரத்த சோகைதான் மிஞ்சும்.

ஆனால் மலேரியா இன்னொரு காரியமும் செய்தது! பல தலைமுறைகளாக அது மனித இரத்தத்தையே மாற்றியது. 1952ல் லேமன், கட்புஷ் என்ற இரு ஆய்வாளர்கள் நீலகிரி பழங்குடி மக்களிடம் அரிவாள் அணுத் தன்மையைக் கண்டனர். சிவப்பணு வட்டமாக இல்லாமல் அரிவாள் போல் வளைவதற்குக் காரணமான மரபணு அது. ஏன் இது மறையவில்லை? 1954ல் ஆன்டனி அலிசன் ஆப்பிரிக்காவில் விடை கண்டார். பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் இதைப் பெற்ற குழந்தையைக் கடுமையான மலேரியா எளிதில் கொல்வதில்லை. அதனால் மலேரியா இருந்த இடங்களில் மரபணுவும் தங்கிவிட்டது.

இருவரிடமிருந்தும் பெற்றாலோ கதையே வேறு. தீராத வலி, சோகை, அடிக்கடி மருத்துவமனை. தாய், தந்தை இருவருமே இதைச் சுமப்பவர்களாக இருந்தால், ஒவ்வொரு பிரசவத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு.

1953ல் தேசிய மலேரியா கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியது. டிடிடி தெளித்ததில் 1961ல் நோயாளிகள் சுமார் 50 ஆயிரமாகக் குறைந்தனர். 1976ல் மறுபடி 64 லட்சத்தைத் தாண்டி, பின்னர் படிப்படியாக இறங்கியது. கொசுவை மருந்தடித்து விரட்டலாம். மரபணுவை விரட்ட முடியாது. கேடயம் தேவையற்றுப் போனது, அதன் சுமை மட்டும் நின்றது.

2023 ஜூலை 1ல் மத்திய அரசு அரிவாள் அணு சோகை ஒழிப்புத் திட்டத்தைத் தொடங்கியது. தமிழகம் உட்பட 17 மாநிலங்களில், பழங்குடிப் பகுதிகளில் 40 வயது வரையுள்ள 7 கோடி பேரைப் பரிசோதிப்பது இலக்கு. தர்மபுரி மாவட்டத்தில் சித்தேரி, வத்தல்மலை போன்ற மலையூர்களில் வாழும் மலையாளி பழங்குடியினருக்கு இதன் அர்த்தம் எளிது: திருமணத்துக்கு முன் ஜாதகத்தோடு ஒரு இரத்தப் பரிசோதனையும் பார்த்துவிடுவது நல்லது. ஒரு துளி இரத்தம் போதும், பிறக்கப்போகும் குழந்தையின் வலியை முன்கூட்டியே தெரிந்துகொள்ள.