கான்சஸ் செய்தித்தாள் ஒன்றின் மூலநிரல்

ஜாங்கோவை நிறுவ ஒரே ஒரு வரி போதும். டெர்மினலில் ‘பிப் இன்ஸ்டால் ஜாங்கோ’ என்று தட்டினால் சில நொடிகளில் வேலை முடிந்துவிடும். இன்ஸ்டாகிராம் கட்டப்பட்ட அதே வெப் ஃபிரேம்வொர்க் உங்கள் கணினிக்கும் வந்துவிட்டது. நம்மில் பலர் அடுத்த வரியைத் தட்டப் போய்விடுவோம். வந்தது என்ன என்று திறந்து பார்ப்பதில்லை.

ஜாங்கோ பைத்தான் மொழியில் எழுதப்பட்டது. அதனால் நிறுவும்போது வந்து இறங்குவது மூலநிரலேதான். சைட்-பேக்கேஜஸ் என்ற கோப்புறைக்குள் சாதாரண உரைக் கோப்புகளாக உட்கார்ந்திருக்கும். எங்கே என்று கண்டுபிடிக்க ஜாங்கோவின் பயிற்சிப் பாடமே ஒரு சிறு கட்டளையைச் சொல்லித் தருகிறது. நோட்பேடில் திறந்தாலே படிக்கலாம். எனக்கு அந்தக் கோப்புறையை ஒரு பழைய ஆவணக் காப்பகம் மாதிரி மேய்வது பிடிக்கும். ஏனென்றால் அதற்குள் ஒரு சின்ன ஊர்ச் செய்தித்தாள் இருக்கிறது.

அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் லாரன்ஸ் என்று ஒரு பல்கலைக்கழக நகரம். அங்கே ‘லாரன்ஸ் ஜர்னல்-வேர்ல்ட்’ என்ற நாளிதழின் இணையப் பிரிவில் 2003-இல் ஏட்ரியன் ஹோலோவாட்டியும் சைமன் வில்லிசனும் வேலை பார்த்தார்கள். வில்லிசன் பிரிட்டனில் படித்துக்கொண்டிருந்த மாணவர். பணிப் பயிற்சிக்காக வந்தவர். செய்தி அறை யாருக்காகவும் காத்திருக்காது. புதிய பக்கம் ஒன்று வேண்டுமென்றால் சில நாட்களில், சில சமயம் சில மணி நேரத்தில் வேண்டும். பிஎச்பியில் எழுதிய பழைய தளங்களைப் பராமரித்து அலுத்துப்போன இருவரும் பைத்தானுக்கு மாறினார்கள். ஒவ்வொரு தளத்திலும் திரும்பத் திரும்ப வந்த வேலைகளைப் பிரித்தெடுத்துப் பொதுவாக வைத்தார்கள். பின்னாளில் ஜேக்கப் கப்லான்-மாஸ் சேர்ந்துகொண்டார். 2005 ஜூலையில் அதை உலகத்துக்குத் திறந்துவிட்டபோது, ஜாங்கோ ரைன்ஹார்ட் என்ற ஜாஸ் கிட்டார் கலைஞரின் பெயரை வைத்தார்கள்.

இதெல்லாம் விக்கிப்பீடியாவிலும் இருக்கு. விக்கிப்பீடியாவில் கிடைக்காதது நிரலுக்குள் இருக்கு. தேதிகளுக்கான கோப்பைத் திறந்தால், மாதங்களைச் சுருக்கி எழுத ஒரு தனிப் பட்டியல் கிடைக்கும். அதில் செப்டம்பருக்கு நான்கு எழுத்துச் சுருக்கம். மார்ச், ஏப்ரல், மே, ஜூன், ஜூலை ஐந்துக்கும் சுருக்கமே கிடையாது. இதென்ன விசித்திரம்? அசோசியேட்டட் பிரஸ் நிறுவனத்தின் நடைக் கையேடு சொல்லும் முறை அது. அமெரிக்கச் செய்தி அறைகளின் இலக்கணம். இன்னொரு கோப்பில், ஒன்று முதல் ஒன்பது வரையான எண்களை எழுத்தால் எழுதிவிட்டு, பத்திலிருந்து இலக்கத்தை அப்படியே விட்டுவிடும் ஒரு சிறு வடிகட்டி இருக்கிறது. அதுவும் அதே கையேட்டின் விதி. தரவுகளைத் திருத்தும் அட்மின் பக்கத்தைப் பாருங்கள்: நிரல் தெரியாத உதவி ஆசிரியர் செய்தியை ஏற்றுவதற்கு வசதியான பக்கம் அது. வங்கியில் இருப்பவரும் ஆய்வகத்தில் இருப்பவரும் இன்று ஜாங்கோவைப் பயன்படுத்தும்போது, தெரியாமலே அந்தச் செய்தி அறையின் மேசையில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

நிறுவியதில் கிடைப்பது இன்றைய நிரல் மட்டும். அதன் வரலாறு வேண்டுமென்றால் கிட் மூலம் முழுக் களஞ்சியத்தையும் நகலெடுக்க வேண்டும். எடுத்துக்கொண்டு, மாற்றங்களின் பதிவேட்டில் பின்னோக்கிப் போங்கள். ஆயிரக்கணக்கான பதிவுகளைக் கடந்து 2005 ஜூலைக்கு வந்தால் கதவு மூடிவிடும். தனியார் களஞ்சியத்தின் 8825-ஆவது திருத்தத்திலிருந்து ஜாங்கோவைக் கொண்டுவந்து சேர்த்தோம் என்கிற மாதிரி ஒற்றை வரி. அவ்வளவுதான். 2003 முதல் 2005 வரை அந்த அறையில் யார் எதை எழுதினார், எதை அடித்தார், எந்த இரவில் எது உடைந்தது என்பதெல்லாம் அந்த வரிக்குப் பின்னால் போய்விட்டது. வரலாற்றை எழுதுகிறவனுக்கு இது வலிக்கும். திறந்துவிட்ட நாளிலிருந்துதான் காப்பகம் தொடங்குகிறது.

ஆனால் திறந்துவிட்டதால் என்ன மிஞ்சியது என்றும் பார்க்க வேண்டும். ஆரம்பத்தில் உரிமக் கோப்பில் செய்தித்தாளின் பெயர்தான் இருந்தது. 2008-இல் ஜாங்கோ மென்பொருள் அறக்கட்டளை உருவாகி, உரிமை அதற்குப் போனது. ஹோலோவாட்டி அதற்கு முன்பே வாஷிங்டன் போஸ்ட் இதழின் இணையப் பிரிவுக்குப் போய்விட்டார். வில்லிசன் 2004-லேயே பிரிட்டன் திரும்பியிருந்தார். 1891 முதல் சைமன்ஸ் குடும்பத்திடம் இருந்த நாளிதழே 2016-இல் ஆக்டன் நிறுவனத்துக்குக் கைமாறியது. எழுதியவர்கள் போனார்கள், முதலாளியும் மாறினார், நிரல் மட்டும் நின்றது. பிஎஸ்டி உரிமம் கேட்பது ரொம்பக் குறைவு: காப்புரிமைக் குறிப்பை நீக்காதே, எங்கள் பெயரைச் சொல்லி உன் பொருளை விளம்பரப்படுத்தாதே, உடைந்தால் எங்களைக் கேட்காதே. மற்றபடி எடுத்துக்கொள், மாற்று, விற்று. மூடிய நிரலாக இருந்திருந்தால், நாளிதழ் விலைபோன அன்று அதன் கதி புது முதலாளியின் கையில் இருந்திருக்கும்.

தமிழில் எழுதுகிற நமக்கு இந்தக் கதையில் ஒரு வரி பாக்கி இருக்கிறது. ‘ஸ்லக்’ என்று ஒரு சொல். ஆங்கிலச் செய்தி அறையில் ஒரு செய்திக்கு வைக்கும் குறும்பெயர்; ஜாங்கோவில் இணைய முகவரியின் கடைசித் துண்டுக்கு அதுதான் பெயர். தலைப்பைக் கொடுத்தால் ஸ்லக் செய்து தரும் சார்பு ஒன்று இருக்கிறது. அதற்குத் தமிழ்த் தலைப்பைக் கொடுத்தால் கிடைப்பது வெற்றிடம். இயல்பாக அது ஆங்கில எழுத்துகளை மட்டுமே வைத்துக்கொள்ளும். 2015 டிசம்பரில் வந்த 1.9 பதிப்பு யூனிகோடையும் அனுமதிக்கும் ஒரு தேர்வைத் தந்தது. அதைப் போட்டு ‘தமிழ் வாழ்க’ என்று கொடுத்தால் ‘தமழ-வழக’ என்று வரும். கொம்பும் காலும் புள்ளியும் பறந்துவிடும்.

ஏன் என்று மூலநிரலில் பார்த்தால் பதில் ஒரு வரியில் இருக்கிறது. ‘சொல்லில் வரும் எழுத்து’ எது என்று ஜாங்கோ பைத்தானைக் கேட்கிறது. பைத்தானின் கணக்கில் ‘ம’ எழுத்து, அதன் மேல் ஏறும் இகரக் குறி எழுத்தல்ல. லாரன்ஸில் யாரும் திட்டமிட்டுத் தமிழைத் தள்ளவில்லை. அந்த ஊர்ச் செய்திகளுக்கு உயிர்க்குறி தேவைப்படவில்லை, அவ்வளவுதான். மாதச் சுருக்கம் போல இதுவும் பிறந்த ஊரின் தடம்.

ஆனால் இந்தத் தடத்தை நாம் மாற்றலாம். அந்தச் சார்பு பத்துப் பதினைந்து வரிதான். உங்கள் திட்டத்துக்குள் நகலெடுத்து, தமிழ்க் குறிகளையும் விட்டுவைக்கும்படி ஒரு வரியைத் திருத்திக்கொண்டால் போதும். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. அதே களஞ்சியத்தில், ஆதரிக்கப்படும் மொழிகளின் பட்டியலில் ‘தமிழ்’ என்ற சொல் தமிழ் எழுத்திலேயே இருக்கிறது, புள்ளியோடு. நம்மில் யாரோ ஒருவர் போய்ச் சேர்த்திருக்கிறார்.