ஒரு லட்சத்து எழுபதாயிரம் பேரும் ஒரு பட்ஜெட்டும்

போன மாதம் ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையன் (ஐ.டி. கம்பெனியில் வேலை, வயது இருபத்தி நாலு இருக்கும்) ஒரு கேள்வி கேட்டான். "கவர்ன்மென்ட் வேலைன்னா யாரும் தூக்க முடியாதுல்ல அங்கிள்?" எனக்கு ரசம் புரை ஏறிவிட்டது. 2003 ஜூலை என்றேன். அவனுக்குத் தெரியவில்லை. அவன் தப்பு இல்லை, அப்போது அவன் கைக்குழந்தை, அல்லது பிறந்தே இருக்க மாட்டான். ஆனால் சாப்பிட்டுக்கொண்டே சொல்லி முடிக்கிற கதை இல்லை இது. அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

கதையை ஜூலை மாதத்தில் ஆரம்பித்தால் பாதிதான் புரியும். 1997-லிருந்து ஆரம்பிக்க வேண்டும். அந்த வருடம் மத்திய அரசின் ஐந்தாவது சம்பளக் கமிஷன் அறிக்கை வந்தது. தில்லியில் சம்பளம் ஏறினால் சென்னையிலும் ஏற்ற வேண்டும், அதுதான் வழக்கம். 1998-ல் தமிழக அரசும் ஏற்றியது, அதுவும் 1996 ஜனவரியிலிருந்து கணக்குப் போட்டு. தமிழ்நாடு மட்டுமில்லை, இந்தியாவில் அநேகமாக எல்லா மாநிலமும் அந்த இரண்டு மூன்று வருடத்தில் இதே குழியில்தான் விழுந்தது. வாங்குபவர்களுக்கு நியாயம், கொடுக்கிறவனுக்குத்தான் மூச்சு முட்டியது.

வருவாய்ப் பற்றாக்குறை என்று பேப்பரில் படிக்கிறோமே, அதை வீட்டுக் கணக்கில் சொன்னால் இப்படி. வீடு கட்டக் கடன் வாங்கினால் அது ஒரு வகை. மாதாமாதம் மளிகைக்கும் பால்காரருக்கும் கடன் வாங்கினால் அது வேறு வகை. இரண்டாவதுதான் வருவாய்ப் பற்றாக்குறை. 2001 மே மாதம் ஆட்சிக்கு வந்த ஜெயலலிதா அரசு, அதே ஆகஸ்டில் நிதி அமைச்சர் பொன்னையன் மூலமாக ஒரு வெள்ளை அறிக்கை வைத்தது. கஜானா காலி, முந்தைய ஆட்சிதான் காரணம் என்றது. (எந்த ஆட்சி வந்தாலும் முதல் மூன்று மாதத்தில் கஜானா காலியாகத்தான் இருக்கும், அது வேறு விஷயம்.) ஆனாலும் நிலைமை மோசம் என்பது பொய்யில்லை. 2002-ல் மழையும் பொய்த்தது, காவிரியும் கைவிட்டது. 2002-03-ல் வருவாய்ப் பற்றாக்குறை நாலாயிரம் கோடியைத் தாண்டியது.

அப்புறம் வெட்டு ஆரம்பித்தது. 2001 நவம்பர் கடைசியில் புது ஆள் எடுக்கத் தடை. டிசம்பரில் பஸ் கட்டணம் ஏறியது. விவசாயிகளின் இலவச மின்சாரத்தில் கை வைத்தார்கள். ரேஷன் கார்டில் 'எச்' முத்திரை குத்தினார்கள், ஞாபகம் இருக்கிறதா? மாத வருமானம் ஐயாயிரத்துக்கு மேல் என்றால் ரேஷன் அரிசி கிடையாது. அரசு ஊழியர்களுக்கு போனஸ், சரண்டர் லீவுப் பணம், பென்ஷன் கம்யூடேஷன் என்று ஒவ்வொன்றாகக் கத்தரி விழுந்தது. 2003 ஏப்ரல் 1-க்குப் பிறகு வேலைக்குச் சேருபவர்களுக்குப் பழைய பென்ஷனே கிடையாது என்று ஆனது. மத்திய அரசே 2004 ஜனவரியில்தான் இதைச் செய்தது. அதே 2003-ல் நிதிப் பொறுப்புடைமைச் சட்டமும் வந்தது. பற்றாக்குறையை இத்தனை வருடத்துக்குள் ஒழிப்போம் என்று அரசு தனக்குத்தானே சட்டம் போட்டுக்கொண்டது.

ஜாக்டோ-ஜியோ, கோட்டா-ஜியோ இரண்டு கூட்டமைப்பும் சேர்ந்து ஜூலை 2-லிருந்து காலவரையற்ற வேலைநிறுத்தம் என்று அறிவித்தன. அதற்கு முன்பே ராத்திரியோடு ராத்திரியாகத் தலைவர்களைக் கைது செய்தார்கள். வாத்தியார், கிளார்க், தலைமைச் செயலக ஊழியர் எல்லாரும் வெளியே நின்றார்கள்.

ஜூலை 4-ந்தேதி ஓர் அவசரச் சட்டம் வந்தது. 2002-லேயே டெஸ்மா என்று அத்தியாவசியப் பணிகள் சட்டம் ஒன்று போட்டு வைத்திருந்தார்கள். அதைத் திருத்தி, வேலைநிறுத்தம் செய்கிறவரை விசாரணை இல்லாமலே டிஸ்மிஸ் செய்யலாம் என்று ஆக்கினார்கள். அரசியல் சட்டத்தின் 311-வது பிரிவு, ஓர் அரசு ஊழியரை நீக்குவதற்கு முன் குற்றச்சாட்டைச் சொல்லி, விசாரித்து, அவர் பதிலைக் கேட்க வேண்டும் என்கிறது. சாதாரணமாக ஒரு பியூனைக் கூட நீக்க வருடக்கணக்காகும். இங்கே சில நாட்களில் 1,70,241 பேர் வீட்டுக்குப் போனார்கள். 1981-ல் அமெரிக்காவில் ரீகன் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களை நீக்கியதை உலகமே பேசியது. அவர்கள் பதினோராயிரத்துச் சொச்சம் பேர்தான்.

காலியான நாற்காலிகளில் மாதம் 4,000 ரூபாய் தொகுப்பூதியத்தில் ஆட்களை உட்கார வைத்தார்கள். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு வருடக்கணக்காகக் காத்திருந்த பட்டதாரிகள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. பசித்தவன் முன் இலை போட்டால் இது யார் இலை என்று கேட்பானா?

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். ஊழியர்களுக்கு அப்போது வெளியே ஆதரவு ரொம்பக் குறைச்சல். எங்கள் தெருமுனை டீக்கடையில் நானே கேட்டேன். "வேணும்யா இவங்களுக்கு, ஒரு ஜாதி சர்டிபிகேட்டுக்கு நாலு தடவ அலைய விட்டானுங்க" என்றார் ஒருத்தர். யாரும் மறுத்துப் பேசவில்லை. நானும்தான். ஒரு பக்கம் அவர் சொன்னது நிஜம். இன்னொரு பக்கம், அதே தெருவில் இருந்த வாத்தியார் வீட்டில் அந்த மாதம் முழுக்க டிவி சத்தமே கேட்கவில்லை. அவர் யாரையும் நாலு தடவை அலைய விட்டவர் இல்லை. கணக்கு நன்றாகச் சொல்லிக் கொடுப்பார், அவ்வளவுதான்.

வழக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போனது. ஒரு நீதிபதி இடைக்காலத் தடை கொடுத்தார். இரண்டு நீதிபதிகள் கொண்ட அமர்வு அதை ரத்து செய்து, நிர்வாகத் தீர்ப்பாயத்துக்குப் போங்கள் என்றது. ஒன்றே முக்கால் லட்சம் பேரும் ஆளுக்கொரு மனு போட்டால் தீர்ப்பாயம் எப்போது முடிக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அங்கிருந்து உச்ச நீதிமன்றம். ஜூலை 24-ந்தேதி தமிழக அரசு பெரும்பாலானவர்களைத் திரும்பச் சேர்த்துக்கொள்வதாக ஒத்துக்கொண்டது. ஒரு நிபந்தனை: நிபந்தனையற்ற மன்னிப்பு, இனி நடத்தை விதிகளை மீற மாட்டேன் என்ற உறுதிமொழி, இரண்டையும் எழுதித் தர வேண்டும். மறுநாளிலிருந்து எழுதிக் கொடுத்துவிட்டு உள்ளே போனார்கள். வழக்குப் பதிவானவர்கள், கைதானவர்கள் என்று சுமார் 6,000 பேர் மட்டும் வெளியே நின்றார்கள். அவர்களுக்காக ஓய்வுபெற்ற நீதிபதிகள் மூன்று பேர் நியமிக்கப்பட்டார்கள்.

ஆகஸ்ட் 6-ந்தேதி நீதிபதிகள் எம்.பி.ஷா, ஏ.ஆர்.லட்சுமணன் தீர்ப்பு சொன்னார்கள். டி.கே.ரங்கராஜன் எதிர் தமிழ்நாடு அரசு என்று சட்டக் கல்லூரியில் இன்றைக்கும் படிக்கும் வழக்கு. அரசு ஊழியருக்கு வேலைநிறுத்தம் செய்ய அடிப்படை உரிமை இல்லை, சட்ட உரிமை இல்லை, தார்மீக உரிமை கூட இல்லை என்றது அது. முதல் இரண்டையும் வக்கீல்கள் வாதாடட்டும். தார்மீகம் எப்படி நீதிமன்ற அதிகாரத்துக்குள் வந்தது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

சரி, இத்தனை ரகளைக்குப் பிறகு பற்றாக்குறை குறைந்ததா? குறைந்தது. 2005-06-ல் வருவாய்க் கணக்கில் சுமார் இரண்டாயிரம் கோடி உபரியே வந்தது. ஆனால் அது டிஸ்மிஸ் செய்ததால் வந்த உபரி இல்லை, போனவர்கள்தான் மூன்று வாரத்தில் திரும்பிவிட்டார்களே. புது ஆள் எடுக்காததில் கொஞ்சம் மிச்சம். பொருளாதாரம் வேகம் பிடித்ததில் விற்பனை வரியும் மத்திய அரசு தரும் பங்கும் கூடியது. இன்னொரு முக்கியமான வரவு 2003 நவம்பர் கடைசியில் ஆரம்பித்தது. அதுவரை மொத்த வியாபாரம் மட்டும் செய்த டாஸ்மாக், சில்லறை மதுக்கடைகளையும் எடுத்துக்கொண்டது. 2005-06-க்குள் மது வருமானம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு ஆனது. ஆளெடுப்புக்குத் தடை இருந்த அதே வருடத்தில், முப்பதாயிரத்துக்கும் மேல் ஆட்களைத் தொகுப்பூதியத்தில் மதுக்கடைக்கு எடுத்தார்கள். அதில் பட்டதாரிகளும் நிறைய. இதற்கு நான் என்ன எழுதினாலும் மிகையாகப் போய்விடும், விட்டுவிடுகிறேன்.

2004 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டின் 39, புதுச்சேரியின் 1, மொத்தம் நாற்பதும் ஆளுங்கட்சிக் கூட்டணியின் கையை விட்டுப் போயின. முடிவு வந்த ஒரே வாரத்துக்குள் அறிவிப்பு மேல் அறிவிப்பு. ஊழியர்கள் மேலான நடவடிக்கைகள் வாபஸ், 'எச்' முத்திரை வாபஸ், இலவச மின்சாரம் திரும்ப வந்தது. ஓட்டுச்சாவடியில் உட்கார்ந்து மை வைப்பதும் வாத்தியார்கள்தான் என்று அப்போது ஒரு ஜோக் ஓடியது.

இந்தக் கதையை எல்லாரும் இங்கேயே நிறுத்திவிடுவார்கள். எனக்கு உறுத்துவது இதற்கு முன்னும் பின்னும் நடந்த சின்னக் கதைகள்தான். 1997-ல் சேர்த்த சாலைப் பணியாளர்கள் சுமார் பத்தாயிரம் பேரை 2002 செப்டம்பரில் நீக்கினார்கள். ரோட்டோரம் புல் செதுக்கி, குழி அடைக்கிற வேலை. அவர்கள் வேலைநிறுத்தம் எதுவும் செய்யவில்லை. தேவையில்லை, செலவு மிச்சம், அவ்வளவுதான் காரணம். திரும்ப எடுக்க 2006 பிப்ரவரி வரை ஆனது, அதாவது 41 மாதம். சட்டசபைத் தேர்தலுக்கு மூன்று மாதம் முன்பு! அந்த 41 மாதத்தைப் பணிக்காலமாகச் சேர்க்கச் சொல்லி அதற்குப் பிறகும் வருடக்கணக்கில் அவர்கள் போராட வேண்டியிருந்தது. பென்ஷன் கணக்கே அதில்தான் நிற்கிறது.

மக்கள் நலப் பணியாளர்கள் கதை இன்னும் மோசம். 1989-ல் தி.மு.க. ஆட்சி நியமித்தது, 1991-ல் அ.தி.மு.க. நீக்கியது. 1997-ல் திரும்ப வேலை, 2001-ல் திரும்ப நீக்கம். 2006-ல் வேலை, 2011 நவம்பரில் சுமார் 13,500 பேர் மறுபடி வெளியே. ஊராட்சியில் சொற்பச் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர்கள். கடைசியில் 2022-ல் மாதம் 7,500 ரூபாய்க்கு நூறு நாள் வேலைத் திட்டத்தில் இடம் தருகிறோம் என்று அரசு சொன்னது, 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அதற்குச் சம்மதித்தது. இருபது வயதில் முதல் உத்தரவை வாங்கியவருக்கு அப்போது ஐம்பத்தி நாலு.

கல்யாண வீட்டில் அந்தப் பையனிடம் இவ்வளவும் சொல்ல முடியவில்லை. "தூக்குவாங்க தம்பி, சங்கம் பெருசா இருந்தா சீக்கிரம் திரும்பக் கூப்பிடுவாங்க" என்று மட்டும் சொன்னேன். "எங்க கம்பெனியில சங்கமே கிடையாதே அங்கிள்" என்று சிரித்தான். அதற்குள் பாயசம் வந்துவிட்டது.