மான்கொம்பும் மரப்பட்டையும்

ஜவ்வாது மலையில் வாழும் நம் மலையாளிக் குடியினரின் பழைய வீடுகள் சிலவற்றில், கூரைக்கழியிலோ சுவரிலோ கடமான் கொம்பொன்று தொங்கக் காணலாம். புகை படிந்தும் வெளுத்து வெடித்தும் நிற்கும் அவற்றைச் சுரண்டி வார்னிஷ் பூசிப் புதுக்க இளைஞர் சிலர் முற்படுகின்றனர். அவர்க்குச் சொல்லவேண்டுவன சில உள.

வெளிமான் கொம்பு வேறு, கடமான் புள்ளிமான்களின் கொம்பு வேறு. முன்னது எலும்பின்மேல் உறைபோல் வளர்ந்து உதிராது நிற்பது. சிலம்பக்காரர் கையாளும் மடுவு அதனாலாயது. பின்னதோ முழுதும் எலும்பேயாம். ஆண்மானுக்கு மட்டும் முளைத்து, உதிர்ந்து, மீண்டும் முளைப்பது. வளருங்கால் அதனை மென்மயிர்த்தோல் மூடியிருக்கும். முற்றியபின் மான் அத்தோலை மரங்களில் உராய்ந்து உரிக்க, பட்டையின் சாறும் உலர்ந்த குருதியும் ஏறி வெள்ளெலும்பு பழுப்பாகின்றது. எனவே நாம் மானின் நிறமென்று எண்ணுவது பெரும்பாலும் மரத்தின் நிறமே. மழையும் வெயிலும் அதனைப் போக்கிவிடும். காட்டிற் கிடப்பின் முள்ளம்பன்றியும் எலியும் சுண்ணச்சத்தை நாடிக் கொறிக்கும்.

இதே வேலையை மலையடியில், பாலாற்றங்கரை வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் தோல் பதனிடுவோர் செய்துவந்தனர். ஆவாரம்பட்டையும் கடுக்காயுமே அவர்தம் பழைய சரக்கு. கடுக்காய் நம் மலை தருவது. தோலிலுள்ள புரதமே கொம்பிலும் உண்மையின், துவர்ப்பொருள் இரண்டையும் ஒருங்கே பற்றுகின்றது.

விசாகப்பட்டினத்துக் கைவினைஞர் சந்தனப்பேழைகளின்மேல் தந்தமும் மான்கொம்பும் பதித்து ஐரோப்பியருக்கு விற்றனர். மைசூரில் வான் இங்கன் குடும்பத்தார் 1999 வரை நடத்திய தொழிற்சாலை, அரசரும் துரைமாரும் சுட்ட விலங்குகளைப் பதப்படுத்தித் தந்தது. அவையெல்லாம் காட்சிப்பொருள்கள். நம் நாட்டு இல்லங்களிலோ கொம்பு மருந்துமாயிருந்தது. கல்லில் இழைத்து நெஞ்சுவலிக்குப் பூசினர். சித்த மருத்துவர் பற்பமாக்கினர். ஆகலின் நுனியொன்று சாய்வாகத் தேய்ந்திருப்பின் அதனைக் குறையென்று அரத்தால் ராவுதல் தகாது. பாட்டிமார் கைபட்ட தழும்பு அது. நம் குலத்தைப்பற்றி எழுதப்பட்ட ஏடுகள் மிகச் சில. 1909-இல் தர்ஸ்டன் வெளியிட்ட நூலில், காஞ்சி வேளாளர் எழுவர் ஏழு நாய்களுடன் புறப்பட்டு, கங்குந்தி வேடரை வென்று, வேட்டுவப் பெண்களை மணந்து இம்மலையேறினர் என்னும் கதை உளது. அந்நூல் நம் வீட்டுச் சுவரைக் கண்டு எழுதியதன்று.

சட்டத்தையும் அறிதல் வேண்டும். 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் கொம்பை விற்றலும் வாங்குதலும் குற்றம். உதிர்ந்ததைக் காட்டினின்று எடுத்துவருதலும் அவ்வாறே. வீட்டிலுள்ளதற்கு உரிமைச்சான்று வேண்டும். சான்றில்லாதவர் அறிவித்துக்கொள்ள 2003-இல் 180 நாள் தவணை தரப்பட்டது. அது கழிந்து நெடுங்காலமாயிற்று. மரபுரிமையாகப் பெறுவோர் 90 நாளுக்குள் தலைமை வனவுயிர்க் காப்பாளருக்கு எழுதுதல் வேண்டும். சான்றில்லாக் கொம்பு வைத்திருப்போர் சாயத்தைப்பற்றி எண்ணுமுன் வனத்துறை அலுவலரைக் காண்க.

சான்றுடையோர் செய்யத்தக்கது சிறிதே. மென்தூரிகையால் தூசி தட்டி, ஈரத்துணியால் துடைத்து, நிழலில் உலர்த்துக. ஊறவைத்தலும் வேகவைத்தலும் வெளுப்புக்காரம் இடுதலும் ஆகா. வெளுத்த இடத்திற்குக் கடுக்காய்க் கஷாயமோ தேயிலைச்சாறோ நீர்க்கக் காய்ச்சி, ஒருமுறை பூசியது உலர்ந்தபின் மறுமுறை பூசுக. இரும்புச்சட்டி கூடாது, கடுக்காய் இரும்பொடு சேர்ந்தால் கறுத்துவிடும், எழுதும் மையே அவ்வாறு செய்தனர். பெர்மாங்கனேட் கரைசலும் பழுப்பாக்கும். ஆயின் கை சிறிது மிஞ்சினும் கருந்திட்டாகும். முடிவில் தேன்மெழுகைத் துணியில் தொட்டுத் தேய்த்தாற் போதும். கவைகளின் நுனிக்கு மட்டும் சாயம் வேண்டா. உயிருள்ள மானின் கொம்பிலும் நுனி உராய்ந்து வெளுத்தே இருக்கும். மருந்துக்கு இழைத்த இடத்தையும் அப்படியே விடுக.