வாழைமர நோட்டும் நம் முன்னோர் நாணயமும்

'ஜப்பான்காரன் காலத்தில் இது கிடைத்திருக்குமா?' தட்டில் சோற்றை மீதி வைத்தால் நம் வீட்டுப் பெரியவர்கள் கேட்ட கேள்வி இது. அதைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். கேட்டவர்களில் பெரும்பாலோர் இன்று நம்மிடையே இல்லை. ஆகவே, இந்தப் பொன்விழா மலரில் அக்காலத்தைப் பற்றிச் சிறிது எழுதி வைப்பது நம் கடமை எனக் கருதுகிறோம்.

1942 பிப்ரவரி 15-ஆம் நாள் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமாயிற்று. மலாயா டாலருக்குச் சமம் என்று சொல்லி அவர்கள் புதிய நோட்டுகளைப் புழக்கத்தில் விட்டனர். பத்து டாலர் நோட்டில் வாழைமரப் படம் இருந்ததால், மக்கள் அதை வாழைமர நோட்டு என்றே அழைத்தனர். செலவுக்கு வேண்டிய போதெல்லாம் அச்சடித்தார்கள். பிற்பாடு வந்த நோட்டுகளில் வரிசை எண்கூட இல்லை.

நோட்டு பெருகியது, சரக்கோ வரவில்லை. பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வந்த அரிசியை நம்பியிருந்த நாடு இது. 1944-இல் சிங்கப்பூரில் பங்கீட்டு அரிசி மாதத்துக்கு ஆண்களுக்கு 8 கட்டி, பெண்களுக்கு 6, பிள்ளைகளுக்கு 4 என்று குறைந்தது. ஒரு கட்டி சுமார் 600 கிராம். கள்ளச் சந்தையில் அரிசி வாங்க நோட்டுக் கட்டுகளைச் சுமந்து போக வேண்டியிருந்தது.

வீட்டு ஓரத்திலும் சாலை ஓரத்திலும் மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் நட்டார்கள். காலையில் அவித்த கிழங்கு, இரவில் கிழங்கு மாவு ரொட்டி. கிடைத்த கைப்பிடி அரிசியைக் கஞ்சியாக்கிப் பிள்ளைகளுக்கு முதலில் ஊற்றிய தாய்மார்கள், மிஞ்சியதைத்தான் தாங்கள் குடித்தார்கள்.

துணியும் அரிதாயிற்று. சாக்கை வெட்டித் தைத்து உடுத்தியவர்கள் உண்டு. அந்த நிலையிலும், பெட்டியில் இருந்த ஒரே வெள்ளைத் துணியைத் தைக்காமல், யார் வீட்டிலாவது மையித்து விழுந்தால் கஃபனுக்கு ஆகும் என்று எடுத்து வைத்தவர்களைப் பற்றிக் கேட்டிருக்கிறோம்.

ஊருக்குக் கப்பல் இல்லை, மணியார்டரும் இல்லை. இங்கே கடை வைத்திருந்தவர் உயிரோடு இருக்கிறாரா என்பதே தெரியாமல், தமிழகத்தில் மனைவி மக்கள் மூன்றரை ஆண்டுகள் காத்திருந்தார்கள்.

1945 செப்டம்பரில் பிரிட்டிஷார் திரும்பினர். வாழைமர நோட்டு செல்லாது என்றனர். மாற்றித் தரவும் இல்லை. பெட்டி நிறையப் பணம் வைத்திருந்தவரும் ஒன்றும் இல்லாதவரும் ஒரே நாளில் சமமானார்கள். நோட்டுகள் பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சாமான் ஆயின.

ஆனால் கணக்கு அத்துடன் முடியவில்லை. போருக்கு முன் நல்ல காசில் வாங்கிய கடனை, மதிப்பிழந்த வாழைமர நோட்டால் அடைத்தவர்கள் இருந்தார்கள். வாங்க மறுக்கக் கடன் கொடுத்தவருக்கு அன்று துணிவு இல்லை. ஆக்கிரமிப்புக் காலக் கடன்களுக்கென்று பின்னர் தனிச் சட்டமே வந்தது. அந்த நோட்டின் மதிப்பு எப்போது எவ்வளவு என்று கணக்கிட அதில் அட்டவணையும் இருந்தது.

அச்சட்டத்துக்குக் காத்திராமல், 'நீங்கள் கொடுத்தது காசு, நான் கொடுத்தது காகிதம்' என்று சொல்லி, மாதாமாதம் சிறுகச் சிறுகக் கட்டித் தீர்த்தவர்களும் நம்மில் இருந்தார்கள். எல்லாரும் அப்படி நடந்தார்கள் என்று எழுதினால் பொய்யாகும். அந்தக் கடனால் பேச்சு அறுந்து, பேரப்பிள்ளைகள் காலத்தில்தான் சேர்ந்த குடும்பங்களும் உண்டு. விழா மலர் என்பதற்காக அதை மறைக்க நாம் விரும்பவில்லை.

போர் முடிந்தபின் முதலே இல்லாமல் கடை திறந்தவருக்கு, மொத்த வியாபாரி ஒரு மூட்டைச் சரக்கைக் கடனாகக் கொடுத்தார் என்றால் எதை நம்பிக் கொடுத்தார்? அந்த மனிதர் நடந்துகொண்ட விதத்தைத்தான். நாணயம் என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள். ஒன்று செல்லாமல் போன நாளில், மற்றதுதான் நம் குடும்பங்களுக்குச் சோறு போட்டது.

உங்கள் வீட்டுப் பழைய பெட்டியில் ஒரு வாழைமர நோட்டு இருக்கக்கூடும். அதைப் பிள்ளைகளிடம் காட்டுங்கள். அதோடு, உங்கள் பாட்டனார் அந்த ஆண்டுகளில் யாருக்குக் கொடுத்தார், யாரிடம் வாங்கினார், எப்படித் திருப்பினார் என்பதையும் தெரிந்தவரை சொல்லுங்கள்.