மாணவன் எழுதிய கட்டுரை

அலபாமா மாநிலத்தின் ஆதென்ஸ் என்னும் சிற்றூரில் 1924-இல் பிறந்து, பாட்டன் பாட்டியரின் ஆதரவில் வளர்ந்த ஸி. எரிக் லிங்கன், அமெரிக்கக் கறுப்பின மக்களின் சமய வாழ்வை ஆராய்ந்தோருள் முதல் வரிசையில் வைத்து எண்ணத்தக்கவர். சிறுவனாயிருந்தபோது, வயலில் எஞ்சிக் கிடந்த பருத்தியைப் பொறுக்கி மூட்டையாக்கி ஆலைக்குச் சுமந்து சென்ற அவர், எடைக்குரிய விலை குறைகிறதே என்று வெள்ளைக்கார முதலாளியிடம் பணிவாகவே சொன்னதற்காக, இரக்கமின்றி அடித்து உதைக்கப்பட்டார். வெள்ளையன் எண்ணிக் கொடுத்ததைக் கறுப்பன் மறுபடி எண்ணிப் பார்க்கலாகாது என்பதே அன்று அவருக்குப் போதிக்கப்பட்ட நீதி.

1956-ஆம் ஆண்டில், மாண்ட்கமரி நகரத்துக் கறுப்பர்கள் தங்கள் தேவாலயங்களிலே கூடி, இனப் பாகுபாட்டை எதிர்த்துப் பேருந்துப் பகிஷ்காரத்தை நடத்திக்கொண்டிருந்த காலத்தில், அட்லாண்டாவின் கிளார்க் கல்லூரியில் உபாத்தியாயராயிருந்த லிங்கனிடம் ஒரு மாணாக்கன் கட்டுரையொன்றைக் கொடுத்தான். கௌரவத்தையும் சமத்துவத்தையும் நாடும் கறுப்பனுக்குக் கிறிஸ்தவ மதம் பொருந்தாது என்பது அதன் துணிபு. தாமே கிறிஸ்தவ இறையியல் பயின்றவராயிருந்தும், லிங்கன் அதனை இளமையின் ஆவேசமென்று ஒதுக்கிவிடாமல், அக்கருத்து பிறந்த இடத்தைத் தேடிச் சென்றார். எலைஜா முகம்மதுவின் ‘நேஷன் ஆஃப் இஸ்லாம்’ இயக்கத்தாரிடம் அத்தேட்டம் அவரைக் கொண்டு சேர்த்தது. மார்ட்டின் லூதர் கிங் 1955-இல் டாக்டர் பட்டம் பெற்ற அதே போஸ்டன் சர்வகலாசாலையில் லிங்கன் சமர்ப்பித்த ஆராய்ச்சி, 1961-இல் ‘அமெரிக்காவில் கறுப்பு முஸ்லிம்கள்’ என்னும் நூலாயிற்று. பத்திரிகைகள் துவேஷக் கூட்டமென்று தூற்றிய ஓர் இயக்கத்தின் பின்னே, காலங்காலமாக அவமதிக்கப்பட்ட மக்களின் மனவேதனை நிற்பதை அவர் நிதானத்துடன் எடுத்துக் காட்டினார். சினத்துக்கும் ஒரு சரித்திரம் உண்டென்பதை மறவாத அந்த நேர்மையையே அவருடைய சிறப்புகளுள் தலையாயதாக நான் மதிக்கிறேன். அவ்வியக்கத்தின் முன்னணிப் பேச்சாளரான மால்கம் எக்ஸோடு அவர் கொண்ட நட்பும் இந்த நேர்மையால் விளைந்ததே.

எனினும் அவர் தேவாலயத்தைக் கைவிட்டாரல்லர். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் பிலடெல்பியாவில், முழந்தாளிட்டு ஜெபித்துக்கொண்டிருந்த கறுப்பர்களை வெள்ளையரின் சபையார் நடு ஜெபத்தில் எழுப்ப முயன்றதும், ரிச்சர்ட் ஆலன் முதலானோர் வெளியேறியதும், 1816-இல் அவர்களுக்கெனத் தனி மெதடிஸ்ட் சபை ஸ்தாபிக்கப்பட்டதும் அவருக்குப் பழங்கதைகளல்ல. பிற்காலத்து உரிமைப் போருக்கு வித்திட்ட நிகழ்ச்சிகள். 1976 முதல் டியூக் சர்வகலாசாலையில் பேராசிரியராயிருந்த அவர், லாரன்ஸ் மமியாவின் துணையோடு ஏழு பெரிய கறுப்பர் சபைகளைப் பல்லாண்டுகள் ஆராய்ந்து, 2,000-க்கும் மேற்பட்ட தேவாலயங்களின் நிலையைக் கணக்கெடுத்து, 1990-இல் வெளியிட்ட பெருநூல், எண்ணிப் பார்த்ததற்காக உதைபட்ட சிறுவன் முதுமையில் எழுப்பிய சாட்சியமென்றே சொல்லத்தகும்.

லிங்கன் 2000-ஆம் ஆண்டில் காலமானார். அமெரிக்கக் கறுப்பரின் உரிமைப் போரை அறிய விரும்பும் அன்பர்கள், கிங்கின் பிரசங்கங்களோடு நின்றுவிடாமல், லிங்கனின் இவ்விரு நூல்களையும் சேர்த்தே படிக்க வேண்டும்.